ஒகையோ நதிக்கரை ஓடாவி

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆறு என்று பெயர் சொல்லத்தக்கது வழுக்கியாறு ஒன்றே. அதுவும் மாரியிலே சில காலம் ஓடிவிட்டு மற்றைய மாதங்களில் வரண்டு கிடப்பது. ஆகையால், ஆற்றிலே மூன்றடுக்கு மாளிகை போன்ற கப்பல்கள் ஓடின என்று சிறுபராயத்தில் எவரேனும் எனக்குச் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன். கப்பல் என்றால் எமக்குக் கடல். கப்பல் கட்டுதல் என்றால் வல்வெட்டித்துறைக் கடற்கரை. வெண்மணலிலே ஏராக்கட்டை வைத்து, வங்குக்கால் நாட்டி, பலகை பொருத்தி, கலப்பத்து அடித்துப் பாய்க்கப்பல்களைக் கடலில் இறக்கிய ஓடாவிமாரின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். அக்கரையிலே கட்டப்பெற்ற அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938ஆம் ஆண்டு அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்த செய்தி எங்கள் பக்கத்தவர்க்கு ஒரு புராணம் போன்றது.

அந்த அமெரிக்க நாட்டுக்கு முதுமையிலே நானும் போக நேர்ந்தது. கப்பலில் அன்று, மகன் அனுப்பிய விமானச் சீட்டில். அவன் வசித்த இடத்திலிருந்து சில மணி நேரப் பயணத்தில் ஜெபர்சன்வில் என்னும் சிற்றூர் உண்டு. இந்தியானா மாநிலத்தின் தென்னெல்லையில், ஒகையோ நதியின் வடகரையில் அமைந்தது. எதிர்க்கரையிலே கென்ரக்கி மாநிலத்து லூயிவில் பெருநகரம். ஓடாவிமார் கதைகளில் எனக்குள்ள பித்தை அறிந்த மகன், இங்கே உங்களுக்குப் பிடித்தமான வீடொன்று இருக்கிறது என்று சொல்லி என்னை அழைத்துச் சென்றான். செங்கல்லாலான பெரிய மாளிகை அது. உள்ளே படிக்கட்டும் கதவும் நிலையும் யாவும் நுண்ணிய மரவேலை. அவற்றைச் செதுக்கியவர்கள் வீட்டுத் தச்சரல்லர், எதிரேயிருந்த கப்பற் பட்டறையின் தச்சர்கள் என்று கேட்டதும் நான் அவ்விடத்தை விட்டு அசையவில்லை. அந்தப் பட்டறையைத் தொடக்கியவரின் பெயர் ஜேம்ஸ் ஹவாட். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் ஒகையோ, மிசிசிப்பி நதிக்கரைகளிலே அப்பெயரை அறியாத கப்பற்காரர் இலர். நம்மவர்க்கு அது புதிய பெயர். ஆதலாலேயே அவர் வரலாற்றை ஈண்டு எழுதப் புகுந்தேன்.

ஹவாட் பிறந்தது அமெரிக்காவிலன்று. 1814ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில், ஆலைகளின் புகை சூழ்ந்த நாட்டிலே பிறந்தார். அவர் சிறு குழந்தையாயிருக்கையிலேயே பெற்றோர் கடல் கடந்து, ஒகையோ நதிக்கரையிலுள்ள சின்சினாற்றியிற் குடியேறினர். அப்பொழுது அந்நதியிலே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கிப் பத்து ஆண்டுகள்கூட நிறைந்திருக்கவில்லை. ஹட்சன் நதியிலே 1807இல் நீராவிக் கப்பலோட்டிப் புகழ்பெற்ற றொபேட் புல்ற்றனின் கூட்டத்தார், 1811ஆம் ஆண்டு பிற்ஸ்பேர்க் நகரிலே நியூ ஓர்லியன்ஸ் என்னும் கப்பலைக் கட்டி, ஒகையோ வழியாகவும் மிசிசிப்பி வழியாகவும் தெற்கே கொண்டுசென்றனர். அதற்கு முன்னர் அந்நதிகளில் நீரோட்டத்தோடு இறங்கிய தெப்பங்கள் பல திரும்பி வருவதேயில்லை. சேருமிடத்திலே உடைத்து விறகாகவும் பலகையாகவும் விற்றுவிட்டுப் படகோட்டிகள் கால்நடையாய் ஊர் திரும்புவர். நீரை எதிர்த்து ஏறவல்ல கலம் வந்தபின் அந்தப் பெருநாட்டின் நடுப்பாகம் முழுவதும் புதுவாழ்வு பெற்றது. அவ்வாழ்வு பிறந்த கரையிலேயே ஹவாட்டும் வளர்ந்தார்.

சின்சினாற்றியில் வில்லியம் ஹாட்சோன் என்னும் கப்பற் கட்டுநரிடம் இளைஞர் ஹவாட் தொழில் பழகினார். அக்காலத் தொழில் பழகுதல் என்பது எங்கள் ஓடாவிமாரின் குருகுல வாசத்துக்கு ஏறக்குறைய ஒப்பானது. வாய்ச்சி பிடிக்கவும், மரத்தின் இழையோட்டத்தைக் கண்ணாற் பார்த்து இது வங்குக்கு, இது பலகைக்கு என்று பிரித்தெடுக்கவும் ஆண்டுக்கணக்காய்ப் பழகவேண்டும். வரைபடம் வைத்துக் கட்டும் வழக்கம் அந்நதிக்கரைகளில் இல்லை. மரத்திலே கப்பலின் பாதி வடிவத்தைச் சிறிதாகச் செதுக்கி, அதை அளந்து பெருக்கித் தரையிலே கோடிட்டு வங்குகளை அறுப்பர். மற்றையவை கட்டுநரின் கண்ணிலும் கையிலுமே இருந்தன.

1834ஆம் ஆண்டு, தமது பத்தொன்பதாவது வயதில், ஹவாட் ஜெபர்சன்வில்லுக்கு வந்து சொந்தப் பொறுப்பிலே ஒரு கப்பலைக் கட்டினார். ஹைப்பீரியன் என்பது அதன் பெயர். பத்தொன்பது வயதிலே நம்மிற் பலர் எதைக் கட்டினோம் என்று எண்ணிப்பார்க்க வெட்கமாயிருக்கிறது. சொந்த முதலும் பெரிய செல்வாக்கும் இல்லாத ஓர் இளைஞனை நம்பி ஒருவர் கப்பல் கட்டக் கொடுத்தார் என்றால், அந்த நாட்டின் அவசரம் எத்தகையது என்பது விளங்கும்.

ஜெபர்சன்வில்லை அவர் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. ஒகையோ நதியின் முழுநீளத்திலும் கப்பலைத் தடுக்கும் பாறைப்படுக்கை ஒன்றேயொன்றுதான். அது லூயிவில் நகரின் அருகே, ஏறத்தாழ இரண்டு மைல் தூரத்தினுள் இருபத்தாறு அடி வரை நீர் சரிந்து பாயும் இடம். அதைச் சுற்றிச் செல்ல 1830இல் கால்வாய் திறக்கப்பட்டதாயினும், அதன் பூட்டறைகள் பெருங்கப்பல்களுக்குப் போதிய அகல நீளம் உடையனவல்ல. அத்தடைக்குச் சற்று மேலே அமைந்த ஊர் ஜெபர்சன்வில். கரையோரத்திலே ஆழமான நீர். மெல்லச் சரியும் கரை. பின்புறத்தில் இந்தியானாக் காடுகளின் வெள்ளோக்கு மரம். எதிர்க்கரையிலே கொதிகலனும் இயந்திரமும் வார்த்துத்தரும் லூயிவில் ஆலைகள். கப்பற் பட்டறைக்கு வேண்டுவன யாவும் கூப்பிடு தூரத்தில் இருந்தன. கால்வாயிற் புகமாட்டாத பெருங்கலம் கட்டப்பட்டால், நதி பெருகும்வரை காத்திருந்து, பாறைகள் நீருள் மூழ்கியபின் அவற்றின் மேலாகவே தேர்ந்த மாலுமியைக் கொண்டு இறக்கிவிடுவர். கட்டியவன் கரையில் நின்று மூச்சடக்கிப் பார்த்திருக்க வேண்டிய கட்டம் அது.

ஆயினும் ஹவாட் அங்கே உடனே நிலைத்துவிடவில்லை. ஓரிரு ஆண்டுகளில் நதியின் மேற்பக்கத்திலுள்ள மடிசன் என்னும் ஊருக்குப் பெயர்ந்தார். அங்கே பல கப்பல்களைக் கட்டினார். 1837இல் வந்த பெரும் வர்த்தக வீழ்ச்சி எல்லாத் தொழிலையும் ஆட்டிவைத்த காலம் அது. 1840களின் இறுதியிலேதான் மீண்டும் ஜெபர்சன்வில்லுக்கு வந்து, தமையன் தம்பியர் முறையில் டானியல் ஹவாட்டையும் கூட்டாகச் சேர்த்துக்கொண்டு, நிலையான பட்டறை அமைத்தார். அதன்பின் இறக்கும்வரை அவ்வூரை விட்டு நீங்கவில்லை.

நதிக் கப்பல் கட்டுவதிலுள்ள சிக்கலைச் சற்று விரித்துச் சொல்ல வாசகர்கள் அனுமதிக்க வேண்டும். கடற்கப்பலின் அடி ஆழமானது. அதன் பாரமே அதற்கு உறுதி. நதிக் கப்பலோ கோடைகாலத்திலே மணற்றிட்டுக்களின் மீது சில அடி நீரிலே ஓடவேண்டும். பனித்துளி விழுந்த புல்லிலும் தம் கப்பல் ஓடும் என்று அந்நாட்டு மாலுமிகள் வேடிக்கையாகப் பெருமை பேசுவராம். ஆகவே அடி தட்டையாகவும், பலகை மெல்லியதாகவும், நீளம் மிகுதியாகவும் இருக்கவேண்டும். அத்தகைய நீண்ட மெல்லிய ஓட்டிலே, முன்புறத்திற் கொதிகலன்களையும் பின்புறத்தில் இயந்திரத்தையும் ஏற்றினால் என்னாகும்? இருமுனையும் தாழ்ந்து நடுமுதுகு மேலெழும்பி, ஈற்றிலே கப்பல் முறிந்துபோகும். இதற்கு அந்நதிக்கரை ஓடாவிமார் கண்ட உபாயம் மிக அழகானது. கப்பலின் நடுவே உயர்ந்த கம்பங்களைச் சாய்வாக நாட்டி, அவற்றின் தலைக்கு மேலாக முன்முனையிலிருந்து பின்முனைவரை இரும்புக் கம்பிகளை இழுத்துக் கட்டினர். வில்லுக்கு நாணேற்றுவது போல என்று சொல்லலாம். கம்பிகளிலே முறுக்காணிகள் உண்டு. ஓடு தொய்ந்தால் முறுக்கி இறுக்கலாம், மணலிலே பொறுத்தால் தளர்த்தி வளைந்துகொடுக்கச் செய்யலாம். விறைப்பான கப்பலை அவர்கள் விரும்பவில்லை. நெளிந்து செல்லத்தக்க கப்பலே நல்ல கப்பல் என்பது அவர்களது சித்தாந்தம்.

கட்டிய கப்பலை நீரில் இறக்கும் விதமும் வேறு. கடற்கரையிலே பின்புறம் முதலாகக் கப்பலைத் தள்ளுவர். ஒகையோக் கரையிலோ நதிக்கு இணையாகக் கப்பலைக் கிடத்திக் கட்டி, சறுக்கு மரங்களின் மேல் பக்கவாட்டிலேயே வழுக்கி விடுவர். ஒருமுனை முந்தி மறுமுனை பிந்தினால் மெல்லிய ஓடு முறுகிவிடும். எல்லா ஆப்புக்களையும் ஒரே கணத்தில் தட்டி நீக்கவேண்டும்.

இவ்வளவு நுட்பத்தோடு கட்டிய கப்பல் எத்தனை காலம் வாழும்? இதுதான் என்னைத் திகைக்கச் செய்த விடயம். சராசரியாக ஐந்து ஆண்டுகள் அளவே! நதியின் அடியிலே புதையுண்டு கூர்முனை நீட்டிக்கொண்டிருக்கும் மரங்கள் வயிற்றைக் கிழித்தன. உயர் அழுத்தக் கொதிகலன்கள் வெடித்தன. எண்ணெய் வர்ணம் பூசிய மெல்லிய பலகைக் கூடங்கள் ஒரு பொறியினாற் சாம்பராயின. குளிர்காலப் பனிக்கட்டிகள் நசுக்கின. 1852இல் கொதிகலன்களையும் மாலுமிகளையும் பரிசோதிக்க அரசாங்கம் கடுமையான சட்டமியற்றியபின் வெடிவிபத்துக்கள் குறைந்தனவேயன்றி ஒழியவில்லை. ஹவாட்டின் பட்டறையில் 1851இல் கட்டப்பட்ட கிளென்டி பேர்க் என்னும் அழகிய கப்பல், 1855இலேயே கைறோ என்னும் ஊரின் அருகே நீருள் மறைந்த மரத்தில் மோதி அமிழ்ந்தது. அக்கப்பலின் பெயரால் ஸ்ரீபன் பொஸ்ரர் இயற்றிய பாடல் 1860இல் வெளிவந்தது. கப்பல் ஐந்து ஆண்டுக்கு முன்பே நதியின் அடியிற் போய்விட்டது. பாட்டோ இன்றும் பாடப்படுகிறது.

கட்டிய கையே தன் கலத்தின் அழிவுச் செய்தியையும் ஆண்டுதோறும் கேட்கவேண்டியிருந்தது. எங்கள் ஓடாவிமாரிடம் இவ்வாறு சொன்னால் அவர்கள் கருவிகளை மூட்டைகட்டி வைத்திருப்பார்கள். ஆனால் ஹவாட்டின் தொழிலுக்கு உயிரூட்டியதும் அந்த அழிவேதான் என்பதை நாம் மறைக்கலாகாது. கப்பல் ஐம்பது ஆண்டு ஓடியிருந்தால் பட்டறைக்கு வேலை ஏது? ஒரு கப்பலைப் பறிகொடுத்த முதலாளி, இரண்டொரு பருவத்தில் அது ஈட்டித்தந்த இலாபத்தைக்கொண்டு, முன்னதிலும் பெரியதொன்றைக் கட்டக் கேட்டு மீண்டும் அதே கரைக்கு வந்தான்.

அந்த இலாபம் எங்கிருந்து வந்தது? இக்கேள்வியைக் கேளாமல் இவ்வரலாற்றைச் சொல்லிமுடிக்க என் மனம் ஒப்பவில்லை. தெற்கு மாநிலங்களின் பருத்திப் பொதிகளே அந்நதிக் கப்பல்களின் பெருஞ்சரக்கு. நீர்மட்டத்திலிருந்து மேற்றட்டுவரை பொதிகளை மதில்போல் அடுக்கி, சாளரங்களும் மறைய, பட்டப்பகலிலும் உள்ளே விளக்கேற்றி, அக்கப்பல்கள் நியூ ஓர்லியன்சுக்கு இறங்கின. அப்பருத்தியை விளைவித்தவர்கள் அடிமைகள். அவர்களையும் சந்தைப் பொருளாய் அதே கப்பல்கள் ஏற்றிச்சென்றன. ஒகையோ நதி வெறும் நதியன்று. அதன் வடகரையாகிய இந்தியானாவிலே அடிமை முறை இல்லை, தென்கரையாகிய கென்ரக்கியிலே உண்டு. இரவோடிரவாக அந்நீரைக் கடந்து வடகரை சேர்வதே தப்பியோடிய அடிமைகளின் பெருங்கனவாயிருந்தது. சுதந்திரத்தின் கரையிலே நின்று ஹவாட் கட்டிய கப்பல்களிற் பல, அடிமைத்தனத்தின் விளைபொருளைச் சுமக்கவே இறங்கின. அவர் அடிமை வியாபாரியல்லர். உழைத்துப் பிழைத்த ஓடாவி. எனினும் மரத்துக்கும் இரும்புக்கும் கொடுத்த காசு எந்த வயலிலிருந்து வந்தது என்பதும் கணக்கிலே சேரவேண்டியதே.

அக்கணக்கு 1861இல் தீர்க்கப்படலாயிற்று. உள்நாட்டு யுத்தம் மூண்டது. வடக்குக்கும் தெற்குக்குமிடையே வர்த்தகம் அற்றது. மிசிசிப்பி நதி அடைபட்டது. ஹவாட்டின் வாடிக்கையாளரிற் பெரும்பாலோர் தெற்கத்தியர். அவர்களிடமிருந்து வரவேண்டிய வேலை நின்றுபோனது. 1863 ஜூலையிலே விக்ஸ்பேர்க் கோட்டை வடபடையிடம் வீழ்ந்த பின்னரே நதி முழுவதும் மீண்டும் திறந்தது. யுத்தத்தின் கசப்பு அக்கரைகளில் எவ்வளவு ஆழமாய் ஊறியிருந்தது என்பதற்கு ஒரு கதை சொல்வர். அயலூராகிய நியூ அல்பனியிலே 1866இல் கட்டிய புகழ்வாய்ந்த கப்பலுக்குத் தென்படைத் தளபதி றொபேட் லீயின் பெயரை இட எண்ணினார்கள். இந்தியானாக் கரையிலே அப்பெயரை எழுதினால் கலவரம் மூளும் என்று அஞ்சி, கப்பலைக் கென்ரக்கிக் கரைக்கு இழுத்துச்சென்று அங்கேயே வர்ணம் தீட்டினராம்.

யுத்தம் முடிந்ததும் அழிந்த கப்பல்களுக்கு ஈடாகப் புதியவை வேண்டியிருந்தன. ஹவாட்டின் பட்டறை முன்னிலும் சிறந்தது. மகன் எட்மன்ட்ஸ் தந்தையோடு தொழிலிற் சேர்ந்தார். புகையிரதப் பாதைகள் நாளுக்கு நாள் நீண்டு நதியின் சரக்கைப் பறித்துக்கொண்டிருந்த காலம் அது. அயலிலே பல கட்டுநர்கள் ஒவ்வொருவராய்த் தொழிலை விட்டனர். ஹவாட்டின் சம்மட்டி ஓசை ஓயவில்லை. நல்ல கப்பல், சொன்ன நாளில், சொன்ன விலைக்கு என்ற பெயரே அவரைக் காத்தது என்று நான் கருதுகிறேன். அந்நாட்டு வழக்கப்படி ஓட்டைக் கட்டுபவர் ஒருவர், இயந்திரம் வார்ப்பவர் வேறொருவர், மேற்கூடம் சமைப்பவர் இன்னொருவர். அவர்களனைவரையும் ஒரு பருவத்துக்குள் இணக்கி, நதி பெருகுமுன் கப்பலை முடிப்பது ஒரு கல்யாண வீட்டை நடத்துவதிலும் பெரிய காரியம்.

1876ஆம் ஆண்டு ஒக்ரோபர் 14ஆம் திகதி. ஹவாட்டுக்கு வயது அறுபத்தொன்று. லூயிவில்லிலே அலுவல் முடித்து, குதிரை வண்டியோடு பாதைப் படகில் ஏறி வீடு திரும்பிக்கொண்டிருந்தார். ஆயிரம் தடவை கடந்த அதே நீர். எதிரே அவருடைய பட்டறை இருந்த கரை. அப்போது படகின் ஊதல் ஒலித்தது. குதிரை மிரண்டது. வண்டியையும் அவரையும் இழுத்துக்கொண்டு அது ஒகையோ நதியினுள்ளே பாய்ந்துவிட்டது. கரையிலே அவரைக் காத்திருந்தோர் கண்டது உயிரற்ற உடலையே. வாழ்நாள் முழுவதும் நீராவிக் கலங்களைக் கட்டிய மனிதரை ஒரு நீராவி ஊதலே நீரில் வீழ்த்தியது. கதையில் எழுதினால் மிகையென்று கழித்துவிடுவோம்.

தந்தையைக் கொண்ட நதியின் கரையிலேயே மகன் தொழிலைத் தொடர்ந்தார். இரண்டே ஆண்டில், 1878இல், எட்மன்ட்ஸ் ஹவாட் கட்டி இறக்கிய ஜே. எம். வைற் என்னும் கப்பல், நதிக் கப்பல்களிலெல்லாம் அலங்காரத்தில் தலைசிறந்தது என்று இன்றும் போற்றப்படுகிறது. முந்நூறு அடிக்கு மேல் நீளம். இரண்டு லட்சம் டொலருக்கு மேற்பட்ட செலவு. அதுவும் குலவிதிக்குத் தப்பவில்லை. எட்டு ஆண்டு ஓடி 1886 டிசம்பரில் எரிந்து போயிற்று. நான் பார்த்த செங்கல் மாளிகையும் 1890களில் அவர் கட்டியதே. அவருக்குப் பின் அவர் மைந்தர் தலைமுறையும் பட்டறையை நடத்தியது. 1930களின் பொருளாதார மந்தம் அதனைச் சாய்த்தது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது அமெரிக்கக் கடற்படை அந்நிலத்தைக் கைக்கொள்ள, அதே கரையில் தரையிறக்கும் போர்க்கப்பல்கள் கட்டப்பட்டன. பின்னர் ஜெவ்போட் என்னும் பெயரில் இரும்புச் சரக்குத் தோணிகளைக் கட்டிவந்த அப்பட்டறை 2018இல் மூடப்பட்டது. இளைஞர் ஹவாட் ஹைப்பீரியனுக்கு ஏரா வைத்த ஆண்டிலிருந்து கணக்கிட்டால் நூற்றெண்பத்து நான்கு ஆண்டுகள்.

மாளிகை 1958 முதல் நூதனசாலையாக இருந்துவருகிறது. மாதிரிக் கப்பல்களும் ஓடாவிமாரின் கருவிகளும் அங்கே வைக்கப்பட்டுள்ளன. கண்ணாடிப் பெட்டிக்குள்ளே கிடந்த வாய்ச்சி ஒன்றை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். கைப்பிடியிலே பெருவிரல் பதியும் இடம் தேய்ந்து பளபளத்தது. எங்கள் ஊரிலே பாட்டனார் வீட்டு இறவாணத்திற் செருகியிருந்த வாய்ச்சியிலும் அதே இடத்திலேதான் தேய்வு இருந்தது. வெளியே வந்து நதியைப் பார்த்தபோது, இரும்புத் தோணிகளைத் தொடராய்ப் பிணைத்து ஒரு தள்ளுகலம் மெல்ல மேல்நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. வளைவில் திரும்புகையில் அது ஒருமுறை நீளமாய் ஊதிற்று. மகன் வண்டியின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான்.